ஊமைப்படத்துக்குப் போன சனிக்கிழமை

லா சப்பல், பாரிஸ்,
வியாழக்கிழமை

இஞ்சாருங்கோ,

நீங்கள் லியோனில இருந்து போன் எடுக்க நான் தூக்காதது கோவத்தில இல்லை.

சனிக்கிழமை மகள் என்னைப் படத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் படிக்கிற ஒரு நாவலை வைச்சு இங்கிலாந்தில அந்தக் காலத்தில எடுத்த ஊமைப்படம். கடற்கரையில சத்திரம் நடத்திற ஒரு விதவையின்ர கதை. இடைக்கிடை பிரெஞ்சில எழுத்து வந்தது. மிச்சமெல்லாம் அவையின்ர முகத்திலயே விளங்கினது. அழுதிட்டன்.

வெளியில வந்து மகள் கேட்டாள்: "அம்மா, மற்றப் படங்களில கேட்டுக்கொண்டே இருப்பியள், இண்டைக்கு ஒருக்காக்கூட 'என்ன சொல்லினம்' எண்டு கேக்கேல்லை. உங்களுக்குக் காது கேக்கிறேல்லையோ?"

எல்லாம் கேக்குது எண்டு சொன்னன். பிறகு அவள் பின்னால நிண்டு மூண்டு தரம் கூப்பிட்டவளாம். நான் திரும்பாமல் நடந்துகொண்டே போனனாம்.

கடையில சனத்தின்ர வாயைப் பாத்துத்தான் சாமான் எடுத்துக் குடுக்கிறன். முதலாளிக்கு இன்னும் தெரியாது. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில காது டாக்குத்தரைப் பாக்க ரொந்தேவு குடுத்திருக்கினம். அவர் சொல்லப்போறதை நினைக்கப் பயமாய்க் கிடக்கு.

போனில உங்கட குரல் வெறும் இரைச்சலாய் வந்த அண்டைக்குத்தான் தூக்கிறதை விட்டனான். லீவு எடுத்துக்கொண்டு வாங்கோ. எனக்கு முன்னால இருந்து, ஆறுதலாய்க் கதையுங்கோ.

உங்கட மனிசி