ஒரு போன் போட்டிருக்கலாமே, அண்ணா

என் கோபத்துக்கும் பாசத்துக்கும் உரிய சேகர் அண்ணா,

நீ போய் ஆறு வருஷம் ஆகிறது. எல்லாரும் உன் படத்துக்குப் பூப்போட்டு அழுகிறார்கள். எனக்கு உன்னோடு சண்டை போட வேண்டும் போலிருக்கிறது.

அந்தத் தீபாவளிக்கு நமக்கு இரண்டு புடவை ஆர்டர்; கையிலிருந்த பட்டுநூல் ஒன்றுக்குத்தான் போதும். சென்னைக் கடையை விட்டால் நம் ஆறு தறியும் சும்மா நிற்கும். தேவிகாபுரத்துக் கல்யாண வீட்டை விட்டால் உன் வாக்கு போகும். "இன்னாண்ணா பண்லாம்?" என்று கேட்டேன். "நீ தறிய பாத்துகினு இரு. நான் பெங்களூர் போய் நூல் வாங்கினு வரேன்" என்றாய்.

தொழில் நம் இருவருடையது. ஆனால் உடனே வேலூர் ஆஸ்பத்திரியில் சேரும்படி டாக்டர் எழுதிக் கொடுத்ததை என்னிடம் சொல்லவில்லை. நூல், ஆள், நாள் எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்தாயே, உன் நெஞ்சு வலியை ஏன் எண்ணவில்லை?

நூல் மூட்டையோடு வந்து ஆரணி பஸ் ஸ்டாண்டிலேயே விழுந்தாய். கடைசிவரை மூட்டையை விடவில்லை என்று ஊரே பெருமை பேசியது. எனக்கு அந்த மூட்டையைக் கொளுத்த வேண்டும் போலிருந்தது.

காரியம் முடிந்ததும் எஸ்.டி.டி. பூத்திலிருந்து சென்னைக் கடைக்காரரைக் கூப்பிட்டேன்.

"அண்ணன் தவறிட்டாருங்க. இப்ப ஆர்டர்ல பாதிப் புடவைதான் தர முடியும்."

"மீதிய பொங்கலுக்குக் குடும்மா."

"அண்ணன் முன்னாடியே கேட்டிருந்தா?"

"அப்பவும் இதான் சொல்லியிருப்பேன். அவர் கேக்கவே இல்லியேம்மா."

துக்க வீட்டுக்கு ஆறுதலாகச் சொன்னாரோ என்னவோ. கேட்டாவது பார்த்திருக்கலாமே? கேட்டால் கௌரவம் குறையும் என்று நினைத்தாயா?

போன மாதம் நம் நெசவாளர் ஏழுமலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "இந்தப் புடவைய முடிச்சிட்டுப் போறேம்மா" என்றார். "எழுந்திருங்க" என்று கத்தினேன். கார் வைத்து வேலூருக்குக் கூட்டிப்போனேன். சென்னைக் கடைக்கு போன் போட்டுப் பத்து நாள் தவணை கேட்டேன். தரவில்லை. ஆர்டர் வேறு ஊருக்குப் போயிற்று. இரண்டு தறி இன்னும் சும்மாதான் நிற்கிறது.

"என்னால உங்களுக்கு நஷ்டம்மா" என்று நேற்று வந்து தலைகுனிந்து நின்றார் ஏழுமலை. நடந்து வந்திருந்தார், அண்ணா. தன் காலால் நடந்து.

நம் பட்டறையில் இனி யாரையும் உடம்பு நோவை மறைத்துக்கொண்டு தறியில் உட்கார விடமாட்டேன். அதனால் போகிற ஆர்டர் போகட்டும். இது சத்தியம். உன்னை மன்னிப்பேன் என்று மட்டும் இப்போது சொல்ல முடியாது.

நீ ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுப்போன
உன் தங்கை,
வசந்தா