கடைசிப் பந்தியில் உம் குரல்

இன்று காலை கங்கைகொண்டானில், எங்கள் அலுவலகத்தில் கழித்துப்போட வேண்டிய பழைய கணினி ஒன்றைக் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். உள்ளே படிந்திருந்த தூசி சூடேறி லேசான கருகல் வாசனை எழும்பியது; நம் பழைய கடையில் வருமே, அதே வாசனை. அவ்வளவுதான், நீர் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டீர். ஒத்த வயதுக்காரர்கள் என்றாலும் நாம் 'நீர்', 'வே' என்றுதான் பேசிக்கொள்வோம். இத்தனை வருடம் கழித்தும் உம்மை நினைத்தால் அப்படியேதான் வருகிறது.

தொண்ணூறுகளின் கடைசி அது. தச்சநல்லூரில் நாம் கூட்டாகப் போட்ட பிரவுசிங் சென்டருக்கு வெளியிலிருந்து வருவது ஒரே ஓர் இணைப்பு. அதை எல்லாக் கணினிகளும் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஒருநாள் ஜவுளிக்கடை அண்ணாச்சி ஒருவர் உட்கார்ந்து, கடைக் காலண்டருக்கு மயில் படங்களாக இறக்கிக்கொண்டிருந்தார். அடுத்த கணினியில் ஒரு பெண் வேலைக்கு விண்ணப்பம் அனுப்ப முடியாமல் அழுதுவிட்டாள். "மயில் எப்பம் இறங்குமோ, நான் எப்பம் எந்திரிப்பனோ" என்று அண்ணாச்சியே சலித்துக்கொண்டார். நீர் சிரிக்கவில்லை. முகம் சுண்டிப்போயிருந்தது.

அன்றிலிருந்துதான் மேசைக்கடியில் கிடந்த பழைய கணினிப் பெட்டியை எடுத்து நோண்ட ஆரம்பித்தீர். இணைப்பு முதலில் அந்தப் பெட்டிக்குள் வரும். எதை உள்ளே விடுவது, யாருக்கு எவ்வளவு வேகம் தருவது என்பதை அது பார்த்துக்கொள்ளும். ஃபயர்வால் என்றீர். வாடிக்கையாளர் உட்காரும் ஒவ்வொரு கணினிக்கும் சமமான பங்கு. ஒருவர் சும்மா இருந்தால் அவர் பங்கை மற்றவர் எடுத்துக்கொள்ளலாம், அவருக்கு வேண்டும்போது உடனே விட்டுவிட வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. நம்முடைய கல்லாப்பெட்டிக் கணினிக்கு மட்டும் பங்கே இல்லை. எல்லோரும் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் நமக்கு.

"ஏன்வே, நாம முதலாளி இல்லியா?" என்று கேட்டேன்.

"கல்யாண வீட்ல பொண்ணு வீட்டுக்காரவ எந்தப் பந்தியில உக்காருவாவ? கடைசிப் பந்தியிலதானவே! வந்தவங்க மொதல்ல சாப்பிடட்டும்" என்றீர்.

கடை இரண்டு குடும்பத்துக்குப் போதவில்லை. உங்கள் ஊரில் பாதிப் பேர் போன வழியிலேயே நீரும் போனீர்; கப்பலில் எலக்ட்ரீஷியன் வேலை. போகும்போது, "பெட்டியப் பைய பாத்துக்கிடும்" என்று அதைப்பற்றித்தான் சொன்னீரே தவிர, என்னைப் பார்த்து ஒரு வார்த்தை இல்லை. கண்ணைத் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டீர்.

பிறகு அந்த மின்னஞ்சல் வந்தது. நாளை கப்பல் துறைமுகம் பிடிக்கும், கொஞ்ச நேரம் இறங்க விடுவார்கள், அங்கன இணையக் கடையிலிருந்து பேசுவேன், அம்மாவைக் கூட்டி வையும் என்று. திசையன்விளைக்கு அந்தப் பக்கமிருந்து உங்கள் அம்மா பஸ் மாறி மாறி வந்தார்கள். வெள்ளைச் சேலை, கையில் ஜெபமாலை. நீர் கப்பலுக்குப் போன பிறகு உம் குரலை அவர்கள் கேட்கவே இல்லை.

அன்றைக்கென்று பார்த்துப் பிளஸ் டூ ரிசல்ட் வந்தது. கடைக்குள் காலை வைக்க இடமில்லை. ஒவ்வொரு கணினியையும் சுற்றிப் பிள்ளைகள், பின்னால் பெற்றவர்கள். மைக் இருந்தது கல்லாப்பெட்டிக் கணினியில் மட்டும். அம்மாவை அதில் உட்கார்த்தி ஹெட்போனை மாட்டிவிட்டு, நானும் பக்கத்தில் காதை ஒட்டிக்கொண்டேன். "அம்ம" என்று பாதி வந்தது. பிறகு கரகரப்பு, பிறகு ஒன்றுமில்லை. எனக்கு விளங்கிவிட்டது. நாம் கடைசிப் பந்தி. இலைக்கு எதுவும் வரவில்லை.

எழுத்து மட்டும் எப்படியோ போய்க்கொண்டிருந்தது. கூட்டத்தைச் சொல்லி, பெட்டியில் பங்கு பிரிக்கிற ரூலை மாற்றட்டுமா என்று தட்டினேன். உம் பதில் துண்டு துண்டாக வந்து சேர்ந்தது. "வேண்டாம் வே. பிள்ளையளு ரிசல்ட் பாக்கட்டும். அடுத்த துறைமுகத்துல பேசுதேன்னு அம்மாட்ட சொல்லும்."

வாசித்துக் காட்டினேன். அம்மா ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். "அவன் சொல்லுதது சரிதான் தம்பி. இந்தப் பிள்ளையளு மொகத்தப் பாரு, வருசம் பூரா படிச்சிட்டு வந்து நிக்குதுவ. நான் அடுத்தாப்புல கேட்டுக்கிடுதேன்" என்றார்கள். பாஸான பிள்ளை ஒருத்தி மிட்டாய் கொடுத்தாள். வாங்கிச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார்கள்.

அடுத்த துறைமுகம் நீர் பார்க்கவில்லை. நடுக்கடலில் உமக்கு நெஞ்சுவலி. கப்பல் கம்பெனி ஏஜெண்ட் போனில் சொன்னதை நான்தான் ஊருக்குப் போய்ச் சொன்னேன். உமக்கான பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்றபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அன்னைக்கு அவன் கொரல் எப்படி இருந்துச்சு தம்பி? சொகமில்லாதவன் கொரல் மாதிரியா இருந்துச்சு? எனக்குச் சரியாக் கேக்கலியே." எனக்கும்தான் கேட்கவில்லை. ஏதோ உளறிவிட்டு அழுதேன்.

உம் நல்ல மனசின் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. கல்யாண வீட்டில் கடைசிப் பந்திக்கென்று சமையல்காரர் ஒரு சட்டி சாம்பாராவது தனியாக எடுத்து வைத்துவிடுவார். நீர் அதைச் செய்யவில்லை. ஒரு குரலுக்கு வேண்டியது கொஞ்சம்தான். ஆளாளுக்குத் துளி குறைத்து நமக்கென்று முன்பே ஒதுக்கியிருந்தால் ஒரு பிள்ளைக்கும் ரிசல்ட் தவறியிருக்காது. இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. உமக்கும் அப்போது புரிந்திருக்காது, விடும்.

இன்று நெட்வொர்க் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. எத்தனையோ ஃபயர்வால்களில் பங்கு பிரித்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் கடைசி வகுப்புக்கு, அதாவது கடைசிப் பந்திக்கு, ஒரு மனிதக் குரல் முழுசாக வருகிற அளவுக்கு, சின்னப் பங்கு ஒன்றை ஒதுக்கிவிடுவேன். யாரும் பயன்படுத்தாததை எதற்கு வைத்திருக்கிறீர்கள் சார் என்று கூட வேலை பார்ப்பவர்கள் கேட்பார்கள். சும்மா இருக்கும்போது எல்லோரும் எடுத்துக்கொள்ளட்டும், ஆனால் அங்கே ஒருவர் பேச வந்துவிட்டால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும் என்பேன். யாருக்காக என்று மட்டும் நான் சொல்வதில்லை.