சாய்வுக்குக் குறுக்கே கேரட்

ஆகஸ்ட் 6, புதன்

கோகிலவாணியின் கேரட் நிலத்தில் புளிப்பு மிக அதிகம்; கார அமில நிலை (pH) 4.4. ஊட்டி மண் பரிசோதனை முடிவு இன்று காலை அவர் கைப்பேசிக்கு வந்தது. செய்தி சேகரிக்கப் போன நானே பார்த்தேன்.

இரண்டு போகமாகக் கேரட் விரல் பருமன்கூட வரவில்லை. தண்ணீர் போதவில்லை என்று நம்பி, அவரும் கணவர் ராசுவும் தினமும் ஓடைநீரை ஸ்பிரிங்க்ளரில் அடித்திருக்கிறார்கள். நடுவட்டத்தில் இது ஆறுச்சாமியின் நிலம், குத்தகை. இந்தப் போகமும் போனால் டிசம்பரோடு காலி செய்யச் சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 9

பிடிபட்டது!

என்ன உரம் போட்டீர்கள் என்று கேட்டேன். இருவரும் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்த்தவர்கள். அங்கே இலை வெளுத்தால் அம்மோனியம் சல்பேட் உரம். கேரட் வெளுத்தபோதும் அதையே போட்டிருக்கிறார்கள். போடப் போட மண் இன்னும் புளித்திருக்கிறது. தேயிலைக்கு அது பிடிக்கும், கேரட்டுக்கு ஆகாது. தோட்டக்கலை அலுவலர் சாந்தாமணியிடம் போனில் கேட்டு உறுதி செய்தேன்: டோலமைட் சுண்ணாம்பும் மக்கிய சாணமும் போட வேண்டும், சல்பேட்டை நிறுத்த வேண்டும்.

ராசு சிரித்துவிட்டார். "கேரட்டையும் கொழுந்துன்னே நெனச்சு வளத்துருக்கோம் சார்."

"நெனச்சது நீங்க. மூட்டையச் சொமந்தது நானு" என்றார் வாணி.

திரும்பும்போது பஸ்ஸில் என் நிறுத்தம் தாண்டிப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 11

டோலமைட் தூவியாயிற்று. மழை விட்டிருக்கிறது.

செப்டம்பர் 4

விதைப்பு. ஆறுச்சாமி வந்தார். இங்கே எல்லாரும் மேலிருந்து கீழாகத்தான் பாத்தி எடுப்பார்கள், மழைநீர் தங்காமல் ஓட. ஓடுகிற நீர் மண்ணையும் உரத்தையும் கூட்டிக்கொண்டு போய்விடும். வாணி சாய்வுக்குக் குறுக்கே எடுத்திருக்கிறார், ஓரத்தில் புல் விட்ட வடிகாலோடு.

"ஏனுங்க நிருபரே, இது நீங்க சொல்லிக் குடுத்ததுங்களா? தண்ணி நின்னு கெழங்கு அழுகுனா அதையும் பேப்பர்ல போடுவீங்களா?"

யோசனை வாணியுடையது, அழுகினாலும் போடுவேன் என்றேன். வாணி அடுத்த பாத்திக்குக் கயிறு கட்டினார்.

நிருபர்னா ஓரமா நிக்கணும். எனக்கு ஏன் இவ்வளவு படபடப்பு? இந்தக் கேரட் வரணும், அவ்வளவுதான்.

செப்டம்பர் 27

முளைப்பு நன்றாக இருக்கிறது, இலை கரும்பச்சை. தினமும் தண்ணீர் அடிப்பது நின்றது. வாணி மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்க்கிறார். உள்ளே காய்ந்திருந்தால்தான் மோட்டார்.

அக்டோபர் 22

நேற்றிலிருந்து அடைமழை. காலையில் வாணியின் நிலத்துக்கு ஓடினேன். பக்கத்து நிலங்களின் மண் செங்குழம்பாக ரோட்டில் கிடந்தது. வாணியின் வடிகால் நீரை டீக்கடை டம்ளரில் பிடித்துப் பார்த்தேன். ஏறக்குறையத் தெளிவு! முப்பது வருடமாக மழை என்றால் மண் சரிந்த செய்திதான் எழுதியிருக்கிறேன்.

ஆனால் கீழ் இரண்டு பாத்தியில் தண்ணீர் நிற்கிறது. அந்த அளவுக்கு ஆறுச்சாமி சொன்னது சரி. ராசு மண்வெட்டியோடு இறங்கினார்.

டிசம்பர் 13

பிடுங்கினார்கள். நேரான கேரட், ஒரு கைப்பிடிக்கு நாலுக்கு மேல் அடங்கவில்லை. வாணி ஒன்றைத் முந்தானையில் துடைத்துக் கடித்தார், எனக்கும் கொடுத்தார்.

"கீழ ரெண்டு பாத்தி அழுகிப் போச்சுங்க சார். அத மொதல்ல எழுதுங்க."

டிசம்பர் 16

ஆறுச்சாமி வந்து நேரே அழுகிய பாத்திகளுக்குத்தான் போனார். "நாஞ் சொன்னனா இல்லீங்களா?"

"சொன்னீங்க. இங்க இன்னொரு வடிகால் வேணும். வெட்டிக்கலாங்களா?" என்று கேட்டார் வாணி.

ஆறுச்சாமி மேல் பாத்திகளில் கிடந்த கேரட் மூட்டைகளைப் பார்த்தார்.

"வெட்டுங்க. பொங்கல் கழிச்சு எங்க மேக்காட்டு நெலத்தையும் வந்து பாருங்க. அந்த மண்ணும் ரோட்டுக்குத்தான் போகுது."

டிசம்பர் 17

இன்னும் தெரியாதவை: மேட்டுப்பாளையம் மண்டி விலை, நாளை. மறு மண் பரிசோதனை முடிவு, ஜனவரி இரண்டாம் வாரம். புதுக் குத்தகைப் பத்திரம், தை பிறந்த பிறகு; இப்போதைக்கு ஆறுச்சாமியின் வாய்ச்சொல்தான்.

வாணி காத்திருக்கவில்லை. பிடுங்கிய இடத்தில் பசுந்தாள் உரத்துக்குக் கடுகு விதைத்துவிட்டார். அதை மடக்கி உழுவது பிப்ரவரியில்.