பொங்கல் முடியட்டும் என்றேன்

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி முதல் நாள். பனி. எதிர்வீட்டு வாசல் கோலம்கூடத் தெரியவில்லை. மலை இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளை. பழைய நோட்டு நவம்பர் மழையில் அலமாரி ஒழுகி ஊறிப்போனதால் இது புதிது. முதல் பக்கம் என்பதால் கையெழுத்து ஒழுங்காக இருக்கிறது. இரண்டு நாளில் கோழிக் கிறுக்கல் ஆகிவிடும்.

வேலை: ஆறாவது படத்தின் தமிழ் வசனம், திருத்தியது, ஜெராக்ஸ் இரண்டு செட். மூக்குக்கண்ணாடிக்கு ஸ்க்ரூ. கடலைப்பருப்பு அரை கிலோ. மூன்று மணிக்கு இந்தப் படத்துக்கு மூன்றாவது ஒத்திகை.

செங்கம் ரோடு கஃபேயின் பின்ஹால். ஏழுமலை சரியான நேரத்துக்கு வந்தான். வந்தான் என்று எழுதிவிட்டேன். வந்தார். நேரில் நீங்க, நோட்டில் அவன் என்றால் சரியில்லை.

இந்தப் பட வரிசை டெனீஸ் தொடங்கியது. நாலு வருஷத்துக்கு முன் ஆசிரமத்துக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். அவளைப் போன்ற அமெரிக்கக் கறுப்பர்கள், பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் தாங்களே எடுத்த படங்கள். மாதம் ஒன்று. எடுத்தவர்களுக்கு மெயில் போட்டு அனுமதி வாங்குவது அவள் பொறுப்பு. முப்பத்துமூன்று வருஷம் இங்கிலீஷ் டீச்சராக இருந்த எனக்கே அந்த இங்கிலீஷ் முதல் தடவை பாதிதான் பிடிபடும். அதனால் நான் தமிழில் எழுத, படம் ஓடும்போதே மைக்கில் வாசிக்கிறோம். பெண்கள் பேசுவதெல்லாம் நான். ஆண்கள் பேசுவதெல்லாம் ஏழுமலை.

அவர் தொழிலே மைக்தான். ஆட்டோ மேல் ஸ்பீக்கர் கட்டி ஜவுளிக்கடைத் தள்ளுபடி, கண் சிகிச்சை முகாம், கட்சிக் கூட்டம். முகம் தெரியாதவர்களுக்கும் குரல் தெரியும். முதல் படத்தில் சாகக் கிடக்கும் தாத்தாவின் வசனத்தை ஆடித் தள்ளுபடி மாதிரி சொல்லி, ஹாலே சிரித்தது. இப்போது அப்படி இல்லை. இன்று அவர் வாசித்ததைக் கேட்டு நான் என் வரியைத் தவறவிட்டேன்.

இந்தப் படம்: சலவைக்கடை வைத்திருக்கும் ஒரு அப்பா. சண்டை போட்டுக்கொண்டு போன மகள் பல வருஷம் கழித்துத் திரும்பி வருகிறாள். அவ்வளவுதான் கதை.

வழக்கம்போல எனக்கு ஒரு சீல் பாட்டில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். தனக்கு வீட்டிலிருந்து சீரகத் தண்ணீர்.

கிளம்பும்போது, "டீச்சர், தீபம் முடிஞ்சிடுச்சி. எங்க தெருவுல ஒரு படம் போடலாம்னு சொன்னீங்களே."

மூன்றாம் தடவை. அக்டோபரில் மழை விடட்டும் என்றேன். நவம்பரில் தீபம் முடியட்டும் என்றேன். இந்த ஊரில் தீபத்தைச் சொல்லி எதையும் தள்ளிப் போடலாம், வெள்ளையடிப்பது, பல் பிடுங்குவது, பெண் பார்ப்பது எல்லாம். இன்று வாய் தானாகவே சொன்னது.

"பொங்கல் முடியட்டும், ஏழுமலை."

சிரித்தார். "சரிங்க டீச்சர். பொங்கல் வராமயா போயிடப் போவுது."

கடலைப்பருப்பு மறந்துவிட்டேன்.

டிசம்பர் 18, வியாழன்

காலை எட்டு மணி. டெனீஸ் ஃபோன். ஏழுமலை இறந்துவிட்டார்.

குழாயடியில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தாராம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே. ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

தோசைமாவு பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். வீட்டுக்காரர் வந்து, "என்ன பண்ற, எடம் தேஞ்சிடப் போவுது" என்றார்.

ஒன்பதரை மணிக்குத் தெருவில் ஏழுமலையின் குரல். "பொங்கலுக்கு முன்பே வாருங்கள், குடும்பத்தோடு வாருங்கள்." வாசலுக்கு ஓடினேன். பதிவு செய்து வைத்தது. ஜவுளிக்கடைக்காரர்களின் வேறு ஆட்டோ, யாரோ ஓட்டிக்கொண்டு போனார். அவருக்கு இன்னும் சேதி தெரியாது போலிருக்கிறது. மூலை திரும்பும் வரை கேட்டது.

டிசம்பர் 19, வெள்ளி

நேற்று மதியம் டெனீஸோடு போனேன். வந்து எழுதத் தெம்பில்லை.

கீழ்பென்னாத்தூர் போகிற வழியில், மெயின் ரோட்டை விட்டு உள்ளே. முதலில் ஊர். பிறகு ஒரு வேர்க்கடலைக் கொல்லை. அதைத் தாண்டிக் காலனி. ஆட்டோவில் இருபத்தைந்து நிமிஷம். ஏழு மாதத்தில் ஒருநாள்கூட நான் போனதில்லை.

டெனீஸ் நேராக உள்ளே போய்ப் பெண்களோடு தரையில் உட்கார்ந்தாள். ஏழுமலையின் மனைவி செல்வி அவள் தோளில் விழுந்து அழுதாள். எனக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். நான் கேட்கவில்லை. அவர்களாகவே, வாசலுக்கு இந்தப் பக்கம், நிழல் பார்த்துப் போட்டார்கள். உட்கார்ந்தேன்.

ஒரு அம்மா சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். "வெயில்ல வந்திருக்கீங்க."

"சாவு வீட்டுல தண்ணி குடிக்க மாட்டேம்மா."

அந்த அம்மா உள்ளே போய் அதே சொம்பை டெனீஸிடம் கொடுத்தார். அவள் குடித்தாள்.

உடம்பை எடுக்கும் வரை குடிக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம்தான். பொய் இல்லை. ஆனால் அந்த வழக்கம் நேற்று இருந்ததில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்பது எனக்குத்தான் தெரியும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு இரண்டு சொம்பு தண்ணீர் நின்றபடியே குடித்தேன்.

டிசம்பர் 22, திங்கள்

குளிர். முழங்கால் வலி ஜாஸ்தி. தைலம் தீர்ந்துவிட்டது.

டெனீஸ் வந்தாள். ஆறாவது படத்தை என்ன செய்வது என்று பேச. விட்டுவிடலாம் என்றேன். அவள் கேட்டாள், அவர் தெருவில் ஏன் இதுவரை போடவில்லை? மழை, தீபம் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். எங்கள் ஊரிலும் பழி எப்போதும் மழை மேல்தான் என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இவர் உள்ளேயிருந்து: "அங்கல்லாம் போயி எதுக்கு? அதான் ஹால் இருக்குதில்ல."

ஏழு மாதமாக நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை இவர் வாய்விட்டுச் சொன்னபோது அசிங்கமாக இருந்தது.

யாரும் பார்க்காத நோட்டு. எழுதிவிடுகிறேன். மழை காரணமே இல்லை. அங்கே போனால் உள்ளே வாங்க என்பார்கள். ஒரு வாய் சாப்பிடுங்க என்பார்கள். அவர்கள் கேட்டுவிடுவார்களே என்ற பயம்தான்.

முதல் ஒத்திகையில் அவர் தன் சீரகத் தண்ணீரை நீட்டினார். தொண்டைக்கு நல்லது என்று. எனக்கு வெளித் தண்ணீர் ஒத்துக்கொள்ளாது என்றேன். "காய்ச்சினது தான் டீச்சர்" என்றார். பாட்டில் தண்ணீர்தான் குடிப்பேன் என்றேன். அன்று சாயங்காலமே அதே கஃபேயில், குழாயில் பிடித்த தண்ணீரில் போட்ட எலுமிச்சை ஜூஸ் குடித்தேன். அடுத்த ஒத்திகையிலிருந்து எனக்கென்று சீல் பாட்டில் வந்தது. மரியாதை தெரிந்த மனுஷன் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது படத்தில் தண்ணீர்க் குழாயடியிலிருந்து விரட்டப்படும் ஒரு பெண். அவளுக்குக் குரல் நான்தான். வசனம் எழுதும்போது அழுதேன். வாசித்து முடித்ததும் கை தட்டினார்கள். பக்கத்தில் மைக்கோடு ஏழுமலை உட்கார்ந்திருந்தார். என் முன்னால் அவர் வாங்கி வந்த பாட்டில்.

டிசம்பர் 27, சனி

தனியாக டவுன் பஸ்ஸில் போனேன். இவரிடம் கண் டாக்டர் என்று சொன்னேன்.

செல்வி நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் நாற்காலி. நான் தரையில் உட்காரப் போனேன். "வேணாங்க டீச்சர், கால் வலின்னு அவரு சொல்லியிருக்காரு" என்று பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள்.

படம் போடலாமா என்று கேட்டேன்.

முறத்தை ஓரமாக வைத்தாள். "போடுங்க. அதுக்குத்தான் ஆசப்பட்டாரு. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தாரு, டீச்சர் வரப் போறாங்கன்னு." பிறகு, "காரியம் மட்டும் முடியட்டும் டீச்சர். ரெண்டாந்தேதி காரியம். நாலாந்தேதி ஞாயித்துக்கெழம வருது. அதுக்கு மேல தள்ளாதீங்க."

தலையாட்டினேன். 'முடியட்டும்' என்ற வார்த்தையைச் சொல்ல உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான்.

தண்ணீர் யாரும் கொண்டுவரவில்லை. நானும் கேட்கவில்லை.

டிசம்பர் 30, செவ்வாய்

ஆண் குரலுக்கு ஆள் தேடினேன். கேட்டவர்கள்: பழைய ஹெட்மாஸ்டர், கல்யாண வீடுகளில் மைக் பிடிக்கும் ஒருவர். ஹெட்மாஸ்டருக்கு இருமல். இன்னொருவர், "காலனியிலயா?" என்றார். அப்புறம், "பொங்கல் முடியட்டும் மேடம், பாக்கலாம்."

என் பாஷையை எனக்கே பேசிக் காட்டினார். நன்றாகப் புரிந்தது.

இரண்டு குரலையும் நானே வாசிப்பது என்று முடிவு. ஏழுமலையின் செட்டைச் செல்வி தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. என் செட்டிலேயே ஆண்களின் வரிகளுக்கெல்லாம் சிவப்பு மையில் கோடு போட்டேன்.

ஜனவரி 2, வெள்ளி

காரியம். கூப்பிட்டிருந்தார்கள். நாளை பௌர்ணமி, இன்றைக்கே கிரிவலக் கூட்டம், பஸ் கிடைக்காது என்று போகவில்லை. சாயங்காலம் மாடியிலிருந்து பார்த்தேன். கீழ்பென்னாத்தூர் பஸ் காலியாகப் போய்க்கொண்டிருந்தது.

இன்னும் திருந்தவில்லை.

ஜனவரி 5, திங்கள்

நேற்று நடந்தது.

அங்கன்வாடிச் சுவரில் வெள்ளை வேட்டி கட்டி ப்ரொஜெக்டர். ஏழுமலையின் ஆட்டோவிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர்கள். ஏழு மணிக்கெல்லாம் தெரு நிறைந்துவிட்டது. கஃபே ஹாலுக்கு முப்பது பேர் வந்தாலே பெரிய விஷயம். டெனீஸ் தமிழில் வணக்கம் சொன்னாள். பாயில் முன்வரிசையில் செல்வி.

என் வரிகள் ஒழுங்காகப் போயின. திரையில் அப்பா வாய் திறந்தார். சிவப்புக் கோடு கண்முன்னே இருந்தது. ஆனால் ஏழு மாதப் பழக்கம். மைக்கை இடது பக்கம் நகர்த்திவிட்டுக் காத்திருந்தேன். அங்கே யாரும் இல்லை. வெறும் இங்கிலீஷ் ஓடியது. அடுத்த வரி வந்தது. வாயைத் திறந்தேன், அவர் குரல் வர வேண்டிய இடத்தில் என் குரலை வைக்க முடியவில்லை.

அப்போது பாயிலிருந்து செல்வி சொன்னாள். அப்பாவின் வரியை. கையில் காகிதம் இல்லை. அடுத்த வரியையும் சொன்னாள்.

மைக்கை அவளிடம் கொடுத்தேன். "எப்படிம்மா?" என்றேன், மைக் ஆனில் இருப்பது தெரியாமல்.

"தெனம் வீட்ல படிப்பாரே. உங்களுது நான் சொல்லுவேன், அவருது அவரு சொல்லுவாரு." அதுவும் ஸ்பீக்கரில் போயிற்று. தெருவே கேட்டது.

அதன்பின் அவள் அப்பா, நான் மகள். மற்ற ஆண்கள் பேசியதைச் சிவப்புக் கோடு பார்த்து இருவரும் பங்கு போட்டுக்கொண்டோம். மகள் சலவைக்கடை வாசலில் நிற்கும் இடம் வந்தது. என் வரி: "ரொம்ப நாள் ஆயிடுச்சிப்பா." திரையில் அப்பா துணி மடிப்பதை நிறுத்தவில்லை. செல்வி சொன்னாள்: "அதான் வந்துட்டியே. உள்ள வா. உக்காரு."

எழுதியது நான்தான். கேட்டபோது வேறு யாரோ எனக்காக எழுதி வைத்தது மாதிரி இருந்தது. அடுத்த வரி எனக்கு. வரவில்லை. அதையும் செல்வியே சொன்னாள்.

படம் முடிந்தபின் யாரும் எழுந்திருக்கவில்லை. ஒரு பெரியவர், "அந்த ஊர்லயும் நம்மள மாதிரி ஆளுங்க தானா" என்று டெனீஸைக் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். செல்வி முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தாள். நானும் அழுதேன்.

இரண்டு மணி நேரம் வாசித்ததில் தொண்டை வறண்டுவிட்டது. ஒரு குடமும் சொம்பும் கை மாறி வந்தன. டெனீஸ் குடித்தாள். சொம்பு என்னைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் போனது. வேண்டுமென்று செய்யவில்லை, வழக்கமாகச் செய்வதுபோல இயல்பாகப் போனது.

நானாகவே கேட்டேன். "செல்வி, எனக்குக் கொஞ்சம் தண்ணி குடும்மா."

அந்தச் சொம்புக்குத்தான் கை நீட்டினேன். அவள், "ஐயோ, இருங்க டீச்சர்" என்று வீட்டுக்குள் ஓடினாள். வரும்போது கையில் சீல் பாட்டில். தூசியை முந்தானையில் துடைத்துக் கொடுத்தாள்.

"மறக்கலங்க. சாயங்காலமே கடைக்குப் போயி வாங்கி வெச்சிட்டேன். டீச்சருக்கு வெளித் தண்ணி ஒத்துக்காது, பாவம், ஒடம்புக்கு வந்துடும்னு சொல்லிக்கினே இருப்பாரு. ஒவ்வொரு வாட்டியும் நான் தான் வாங்கியாந்து குடுத்தனுப்புவேன்."

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சொம்பே போதும் என்று சொல்லியிருக்கலாம்.

சீலைத் திருகிக் குடித்தேன்.