மாடி வீட்டுப் பெண்ணின் விசா

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருப்பதாக ஒரு வரி எழுதினால் அம்மா நம்பிவிடுவாள், எனக்கு மட்டும் ஒரு போட்டோ சேர்த்து அனுப்பு, தொழில் புத்தி. அம்மாவின் முழங்கால் வலி பாதி குறைந்திருக்கிறது, மீதியை மாடிப்படி ஏறி இறங்கி அவளே காப்பாற்றி வைத்திருக்கிறாள். உன் தம்பியும் அவன் மனைவியும் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டுப் போனார்கள், அவனுக்கு லேசாகத் தொப்பை விழுந்திருக்கிறது. ஸ்டூடியோவில் நல்ல கூட்டம், நான் ஷட்டரைத் தூக்குவதற்குள் நாலு பேர் தலை வாரிக்கொண்டு நிற்கிறார்கள். இதெல்லாம் போனிலேயே சொன்னதுதான். போனில் சொல்ல வாய் வராத ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான் காகிதம் எடுத்தேன், ஆனால் அதற்கு முன்னால் மாடி வீட்டுப் பெண்ணின் விசா கதையைச் சொல்லியாக வேண்டும்.

மாடியில் எட்டு மாதமாகக் குடியிருக்கும் வெளிநாட்டுப் பெண்ணைப் பற்றி அம்மா சொல்லியிருப்பாள். உன்னைவிட நாலைந்து வயது மூத்தவள், அவள் நாட்டுப் பள்ளிப் புத்தகங்களுக்குத் தேசப்படம் வரைகிறவள், இங்கே உட்கார்ந்து லேப்டாப்பில் வரைந்து அங்கே அனுப்பிவிடுவாள். சுற்றுலா விசாவில் வந்தவள், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பெட்டியைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிப் போய், புது முத்திரையோடு திரும்புவாள். இந்தத் தடவை, இனிமேல் இப்படி வர முடியாது, நீண்ட நாள் விசா வாங்கு, இல்லையென்றால் கிளம்பு என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து நம் தெருவுக்கு வேறு பேச்சே இல்லை. படிப்பு விசா வாங்கலாம் என்றால் தினம் வகுப்பில் போய் உட்கார வேண்டும். வேலை விசா என்றால் இங்குள்ள கம்பெனி ஏதாவது கூப்பிட வேண்டும், இவள் வேலையோ அங்கே இருக்கிறது. ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு விசா உண்டாம், அதற்கு இன்னும் பதினைந்து வருடம் பொறுக்க வேண்டும். எதிர்க்கடை சலூன்காரர், கல்யாண விசான்னு ஒண்ணு இருக்கே சார் என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியில் தன்னை ஒரு தடவை பார்த்துக்கொண்டார், அம்மா முறைத்த முறைப்பில் அந்த யோசனை அங்கேயே நின்றது. கடைசியில் வெளிநாட்டு வருமானத்தில் வாழ்கிறவர்களுக்கு ஒரு வருட விசா இருப்பதை அவளே தேடிக் கண்டுபிடித்தாள். இந்த நாட்டில் எந்த வேலையும் பார்க்கக் கூடாது, வீட்டுக்காரர் நேரில் வந்து பேச வேண்டும், இவை இரண்டும்தான் முக்கியம். வீட்டுக்காரர் நான்தானே, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

விசா ஆபீசில் காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கினோம், கூப்பிட்டபோது மணி மூன்று. கூடம் முழுக்க வெளிநாட்டு ஆட்கள், எல்லோர் மடியிலும் ஒரு ஃபைல். என் வயதுக்காரர் ஒருவர் பரீட்சைக்குப் போகிற பையன் மாதிரி உதட்டை அசைத்துப் பதில் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கும் அலட்டிக்கொள்ளாத நம் மாடிப்பெண் காகிதங்களை எடுத்து எடுத்து எண்ணினாள், சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை, போன நேரத்தில் நம்பர் வந்துவிட்டால் என்ற பயம். கவுண்டரில் இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் கேட்டார், இவங்க எப்படிப்பட்டவங்க சார் என்று. நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். தங்கமான பொண்ணு மேடம், எங்க பொண்ணு மாதிரி, ஒரு நிமிஷம் சும்மா உட்காராது, கடையில கூடமாட எல்லா வேலையும் பார்க்கும் என்று அளந்துவிட்டேன். ஒரு பெண்ணைப் புகழ வேண்டுமென்றால் நமக்கு வேறு எப்படிப் புகழத் தெரியும்? அந்த அம்மாளின் பேனா நின்றுவிட்டது. கடையில வேலை பார்க்கறாங்களா என்றார். ஃபைலை மூடித் தனியாக வைத்து, பத்து நாளில் எழுத்தில் விளக்கம் வேண்டும், திருப்தி இல்லையென்றால் அவங்க நாட்டை விட்டுப் போக வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவள் என்னைத் திட்டவே இல்லை. நல்லதுன்னு நெனச்சுத்தானே சொன்னீங்க என்றாள், அவ்வளவுதான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஃபைலை இரண்டு கையாலும் மடியில் பிடித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள், அங்கே எனக்கு நீதான் தெரிந்தாய். தம்பி கல்யாணத்தின்போது, இங்கேயே தங்குறதுக்கான அட்டை இன்னும் கைக்கு வரலப்பா, இப்போ கிளம்பினா திரும்ப உள்ளே விடமாட்டாங்க என்று நீ போனில் சொன்னாய். தம்பி கல்யாணத்தைவிட உனக்கு ஒரு பிளாஸ்டிக் அட்டை பெரிசா போச்சா என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். ஒரு மாதம் நீ கூப்பிட்டபோதெல்லாம் நான் கடையில் இருப்பதாக அம்மாவைச் சொல்ல வைத்தேன். எத்தனையோ ஆயிரம் பேருக்கு விசா போட்டோ எடுத்திருக்கிறேன், சிரிக்காதே, இரண்டு காதும் தெரியட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டால் என் வேலை முடிந்தது. அந்தப் போட்டோவை எடுத்துக்கொண்டு அவர்கள் எங்கே போய் எத்தனை மணி நேரம் உட்காருகிறார்கள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை, பெற்ற மகள் விஷயத்திலும் யோசிக்கவில்லை.

மாடிப்பெண்ணின் விஷயம் நல்லபடியாக முடிந்தது, கவலைப்படாதே. என் பெருமையை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டு உள்ளதை உள்ளபடி எழுதினேன். எட்டு மாதத்தில் அவள் என் கடையில் செய்தது ஒரே காரியம், பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்த நாலு மாதக் குழந்தை சரிந்து சரிந்து விழுந்ததால் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள், அதற்குக் கிடைத்த கூலி அந்தக் குழந்தை அவள் சட்டையை நனைத்ததுதான் என்று எழுதினேன். கை தெரிகிறது என்று கழித்துப் போட்ட அந்தப் போட்டோவையும் இணைத்தேன். கவுண்டர் அம்மாள் படித்துவிட்டுச் சிரித்தார், போட்டோவில் தெரிந்த கையையும் எதிரே உட்கார்ந்திருந்த அவள் கையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். போன வாரம் ஒரு வருட விசா வந்துவிட்டது. அம்மா தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறாள்.

அடுத்த மாதம் உனக்கும் அட்டைக்காக நேர்காணல் இருக்கிறதாமே, அம்மாதான் சொன்னாள். என்னிடம் நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அப்பா அன்றைக்குப் பேசியது தப்பு, என்னை மன்னித்துவிடு கண்ணு. அட்டை கைக்கு வருகிறவரை நீ இந்தப் பக்கம் வர வேண்டாம், கோபத்தில் சொல்லவில்லை, மனதாரச் சொல்கிறேன். எனக்கே உடம்புக்கு ஏதாவது என்றாலும் வராதே. அம்மாவிடமும் சொன்னேன், கொஞ்சம் அழுதாள், அப்புறம் சரி என்றாள். காகிதங்களுக்கெல்லாம் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொள், காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போ, கேட்டதற்கு மட்டும் பதில் சொல், உன் அப்பா மாதிரி அளக்காதே. நீ போகிற காரியம் நல்லபடியாக முடியட்டும், இருக்கிற ஊரில் தலைநிமிர்ந்து நன்றாக இரு. தேதியை மறக்காமல் எழுது, அன்றைக்குக் கடை கிடையாது, போன் என் கையிலேயே இருக்கும், நானே எடுப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா