காலியாக விட்ட எட்டுக் கட்டம்

அண்ணா,

முதலில் பிள்ளைகளின் சேதி. மூத்த பேரன் ஹல்துமுல்லைப் பக்கம் ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராகிவிட்டான். அவன் தம்பி கணக்குப் பரீட்சையில் விசேட சித்தி, ரொம்ப உயர்ந்த மார்க்காம். அவர்கள் தங்கை சாந்தி பதுளையில் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். பியானோப் பரீட்சையில் அவள்தான் முதலாவது. லயத்து வீடுகள் முழுக்கச் சொல்லித் தீர்த்துவிட்டேன். உங்களிடம் சொல்வதுதான் மிச்சம்.

அந்தச் சாந்திதான் போன வாரம் என் பெட்டியைக் குடைந்தாள். மூடியைத் திறந்ததும் அயோடின் வாடை. காயத்துக்குக் கட்டும் துணியால் நீங்கள் கட்டிக் கொடுத்துவிட்டுப் போன தாள்கள். ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அதில் ஐந்து கோடுகளும் அவற்றின் மேல் சிந்திய மிளகும்தான் தெரியும். அவள் விரலால் தொட்டுத் தொட்டு முணுமுணுத்தாள். அந்த மிளகெல்லாம் பாட்டாக வந்தது.

தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக்கொண்டே சங்கீதம் எழுதிய மனுஷன் நீங்கள். சின்ன வயதில் பதுளைச் சேர்ச்சில் பாடப்போய்க் கற்றுக்கொண்டதாம். சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவர் விற்ற வயலினை வாங்கி வைத்திருந்தீர்கள். மருந்துக்கு வந்தவர்களிடம் வியாதியைக் கேட்டீர்களோ இல்லையோ, கேள்வி மட்டும் ஓயாது.

"தங்கச்சி, கொழுந்து பறிக்கிறப்ப ரெண்டு கையும் ஒரே கணக்குலயா போகுது?"

"யாருக்குண்ணே தெரியும்? கை அதுபாட்டுக்குப் போகுது."

மறுநாள் மலையில் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றேன். வலது கை மூன்று கிள்ளும் நேரத்தில் இடது கை இரண்டுதான் கிள்ளியது. அன்று கூடையில் பாதிகூட நிறையாமல் கங்காணியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். அந்த மூன்றையும் இரண்டையும் நீங்கள் பாட்டில் வைத்தீர்கள். பதுளைச் சேர்ச் மண்டபத்தில் நாலு பேர் வயலின்களில் அதை வாசித்தபோது, என் வீட்டுக்காரர் சபை நடுவே, "பாட்டு எப்பங்க தொடங்கும்?" என்று உரக்கக் கேட்டுவிட்டார். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது நீங்கள்தான்.

அடுத்ததாக எழுதியதுதான் இந்தத் தாள்கள். அதற்கு என் ஒப்பாரி வேண்டுமென்று வாசலில் வந்து நின்றீர்கள்.

"நல்லா இருக்கிற வீட்டுல ஒப்பாரி வைக்கச் சொல்றீங்களே அண்ணே, யாரைத் தூக்கப் பாக்குறீங்க?"

உள்ளேயிருந்து என் மாமியார் குரல் கொடுத்தார். "வேற யாரை? என்னையத்தான்!"

"அவசரமில்ல பாட்டி. நான் காத்திருக்கேன்."

"கேட்டியாடி? என் சாவுக்குக் காத்திருக்கானாம்! மருந்து குடுக்கிற கையப் பாரு!"

சாவு விழாத வீட்டில் ஒப்பாரி எடுத்தால் சாவைக் கூப்பிட்டதாகும். அதனால் நான் கடைசிவரை பாடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாமியார் போனார். அன்று பாடினேன். சட்டைப் பையில் தாளும் பென்சிலுமாகக் கதவோரம் நீங்கள் நின்றதையும் பார்த்தேன். எட்டாம் நாள் கேட்டேன்: "எழுதிக்கிட்டீங்களாண்ணே?"

"எங்க எழுதுறது? கெழவிய நெனச்சு அழுதுகிட்டு நின்னேன். பென்சிலே ஞாபகம் வரல."

பிறகு, குடியுரிமை ஒப்பந்தப்படி உங்களுக்கு இந்தியாவுக்கே போய்விடச் சீட்டு வந்தது. "முடியாத பாட்டை எதுக்குக் கடல் தாண்டித் தூக்கிட்டுப் போகணும்? ஒங்ககிட்டயே இருக்கட்டும்" என்று கொடுத்துவிட்டு ரயில் ஏறினீர்கள். போன வருஷம் நீங்கள் திருச்சியில் காலமான சேதி எங்களுக்கு வந்து சேர ஒன்றரை மாதம் ஆயிற்று. அத்தனை நாள் கழித்து எந்த முகத்தைப் பார்த்து அழுவது? சும்மா இருந்துவிட்டேன். அது இன்னும் நெஞ்சில் கிடக்கிறது.

சாந்தி ஒரு தாளில் நின்றுவிட்டாள். "அப்பாயி, இங்க எட்டுக் கட்டம் காலியா இருக்கு. எந்த வாத்தியம்னு எழுதுற எடத்துல 'தங்கச்சி'ன்னு இருக்கு. அது யாரு?"

எத்தனை வருஷமாக என் பெட்டிக்குள்ளேயே இருந்திருக்கிறேன் பாருங்கள்!

வருகிற மாதம் அதே மண்டபத்தில் அவளுடைய டீச்சரும் இன்னும் மூன்று பேரும் இதை வாசிக்கப் போகிறார்களாம். அந்த இடத்துக்கு ஒரு வயலின் போடலாமென்று என்னை வெறும் ராகம் மட்டும் முனகச் சொல்லி எழுதிப் பார்த்தாள். என் குரல் போய் நிற்கிற ஓரிடம் கோட்டிலும் இல்லையாம், இடைவெளியிலும் இல்லையாம். பென்சிலைப் போட்டுவிட்டு, "நீயே வந்து பாடு அப்பாயி" என்றாள்.

மருமகளுக்குக் கோபம். "சபையில போயி ஒப்பாரியா? நாலு பேரு என்ன சொல்லுவாங்க அத்தை?"

"செத்தவருக்குத்தான பாடப் போறேன்? இதுல என்ன தப்பு?" என்றேன்.

பாடத்தான் போகிறேன். எனக்கு முன்னாலும் பின்னாலும் என்ன எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்காமல் இருப்புக் கொள்ளவில்லை. வயலின்கள் என்னோடு சேர்ந்து அழுமா, வழிவிட்டு ஒதுங்கி நிற்குமா? சாந்தியிடம் கேட்டால், "அன்னைக்குக் கேட்டுக்க" என்கிறாள்.

ஒரு சங்கடம்தான். முகம் பார்க்காமல் எனக்கு ஒப்பாரிச் சொல் வாய்க்கு வராது. என்னிடம் இருப்பது நீங்கள் பாஸ்போட்டுக்கு எடுத்த பழைய படம். தலை நிறையக் கறுப்பு முடியோடு இருக்கிற அந்தப் பையனைப் பார்த்து எப்படி அழ? இந்தக் கடிதம் உங்கள் மகள் பேருக்குத்தான் வருகிறது. நரைத்த தலையோடு கடைசியாக எடுத்த போட்டோ ஒன்று, முகம் தெளிவாகத் தெரிகிறதாகப் பார்த்து, சீக்கிரம் தபாலில் போடச் சொல்லுங்கள் அண்ணா.

தங்கச்சி