மறுபடியும் நெடுந்தூர வண்டியில்

பாப்பாவின் அப்பாவுக்கு,

நீங்கள் எழுந்திருக்கும்போது நான் டெப்போவில் இருப்பேன். ஆமாம், நெடுந்தூர வண்டிக்கே கண்டக்டராகப் போகிறேன். "இன்னும் கொஞ்ச நாள் டவுன் வண்டியிலயே இரேன்" என்று நேற்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டீர்கள். உங்கள் பயம் புரிகிறது. ஆனால் பாப்பா பிறந்ததிலிருந்து, மாதவிலக்கு முடிந்தும் கசிவு நிற்காமல், கழிப்பறை உள்ள வழித்தடமாகக் கேட்டு வாங்கி ஓடியவள் நான். "ஆபரேஷன் பண்ணிப் பெத்தா அப்படித்தான்" என்று எல்லாரும் சொன்னார்கள், நீங்களும்தான். கர்ப்பப்பையில் தையல் போட்ட இடம் குழிந்து, அதில் ரத்தம் தேங்குகிறது என்று டாக்டரம்மா கண்டுபிடித்துச் சரிசெய்த பிறகு, கசிவும் இல்லை, வலியும் இல்லை. நேற்று அவரே, "எந்த வண்டிக்கு வேணும்னாலும் போம்மா" என்றுவிட்டார்.

சோறும் பொரியலும் மூடி வைத்திருக்கிறேன். பாப்பாவுக்குப் பாலை ஆற்றிக் கொடுங்கள். நாளை மாலை வந்துவிடுவேன்.

மதியம் உங்கள் தங்கை கைக்குழந்தையோடு வருகிறாள். அவளுக்கும் ஆபரேஷன் பிரசவத்துக்குப் பிறகு இதே தொல்லை, போனில் அழுதாள். சாயங்காலம் டாக்டரம்மாவிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். எனக்காக ஸ்கேன் அறை வாசலில் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்களே, அதே மாதிரி அவளுக்காகவும் உட்காருங்கள். அது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று இதுவரை நான் சொல்லவில்லை.

உங்கள் கண்டக்டர்

பி.கு.: டிரைவர் அண்ணன் நேற்று போனில், "வழியில உனக்காக எங்கயாச்சும் நிறுத்தணுமா தங்கச்சி?" என்று கேட்டார். "பயணிங்க இறங்குற இடத்துல நிறுத்தினா போதும்ணே" என்றேன்.